நீல விளிம்புக் கோப்பைக்காக அழுதவர்கள்

1

போன மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் ஓர் எனாமல் கோப்பைக்காக எல்லோரும் அழுதார்கள். ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் நோர்வேயில் தமிழர்கள் புத்தகம் வாசித்து அழுகிறார்கள். மழை ஓயாத இந்த மேற்குக் கரை நகரத்தில், மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு தேவாலயத்தின் கீழ்த்தட்டு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, றோல்சும் கடலை வடையும் தின்றுவிட்டு அழுகிறோம். தேநீர் போடுவது என் வேலை. யாரும் என்னை நியமிக்கவில்லை. முதல் கூட்டத்தில் கேத்திலுக்குப் பக்கத்தில் நின்றேன், அன்றிலிருந்து அது என்னுடையதாகிவிட்டது.

நாவலின் பெயரை எழுதப்போவதில்லை. இது மதிப்புரை இல்லை. மதிப்புரை எழுத எங்கள் வட்டத்தில் போதிய ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் புத்தகத்தை வாசித்தும் இருக்கிறார்கள். தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்த காலத்தில் வளரும் ஒரு கறுப்பினச் சிறுமியின் கதை. தாய் ஒரு வெள்ளைக்கார வீட்டில் சமையல் வேலை செய்கிறாள். அந்தக் குசினியில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே ஓர் ஆணி. அதில் நீல விளிம்பு வைத்த எனாமல் கோப்பை ஒன்று தொங்குகிறது. தாயும் மகளும் குடிக்க அதுதான். ஒருநாள் சிறுமி தாகத்தில் பூப்போட்ட நல்ல கோப்பையை எடுத்துத் தண்ணீர் குடித்துவிடுகிறாள். வீட்டுக்காரி அடிக்கவில்லை, ஏசவுமில்லை. கோப்பையை வாங்கி, பழைய பத்திரிகையில் பக்குவமாகச் சுற்றி, குப்பை வாளியில் வைக்கிறாள். பிறகு சிறுமிக்கு ஒரு பிஸ்கற் கொடுக்கிறாள்.

இந்தப் பக்கத்தை உரத்து வாசித்தபோதுதான் பிலேந்திரன் அண்ணருக்குக் குரல் உடைந்தது. அவர் எங்கள் வட்டத்தின் தலைவர். நானாட்டானுக்கு அருகிலுள்ள தன் கிராமத்துக்காக இங்கே இயங்கும் ஊர்ச் சங்கத்துக்கும் அவரே தலைவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இது எங்கட கதை. கறுப்பர் எண்ட இடத்தில தமிழர் எண்டு போட்டு வாசிச்சுப் பாருங்கோ. ஒரு எழுத்தும் மாத்தத் தேவையில்லை."

எல்லோரும் தலையாட்டினார்கள். அவருடைய மனைவி றீற்றா அக்கா கடதாசித் துவாயால் மூக்கைத் துடைத்தார். இதே றீற்றா அக்கா அரைமணி நேரத்துக்கு முன்னர் குடையை உதறிக்கொண்டே உள்ளே வந்து, "வெளியில காப்பிலியள் கொஞ்சப்பேர் நிக்கினம். எல்லாரும் காரைப் பூட்டினனீங்களோ?" என்று கேட்டவர். வெளியில் நின்ற கறுப்பினத்தவர்கள் எரித்திரியக் கிறிஸ்தவர்கள், மேல்தட்டில் பாடல் பயிற்சிக்காக வந்தவர்கள். அவர்கள் கையில் இருந்தது பாட்டுப் புத்தகம்.

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். எங்கள் மண்டபத்தில் ஓநாய்க்கு மூக்குத் துடைக்கக் கடதாசியும் கொடுக்கிறோம்.

2

நாவலைப் பற்றி என் கருத்தை யாரும் கேட்கவில்லை. ஆகையால் இங்கே எழுதுகிறேன்.

புத்தகம் பாதி நல்லது. தகப்பனிடம் பொலிஸ்காரன் அனுமதி அட்டை கேட்கும் இடம் நல்லது. தகப்பன் சட்டைப்பையைத் தடவும்போது அவருடைய மற்றக் கை நடுங்குவது, அதைப் பிடித்திருக்கும் சிறுமிக்கு மட்டுமே தெரிகிறது. அப்படி எழுதத் தெரிந்த ஆள் ஏன் அத்தியாயத்துக்கு அத்தியாயம் சூரியனை மறையவைக்கிறார் என்று விளங்கவில்லை. முடிவு மகா மோசம். சிறுமி வளர்ந்து, பட்டம் பெற்று, கிழவியாகிப்போன அந்த வீட்டுக்காரியைத் தேடிப்போய் மன்னித்துவிட்டு வருகிறாள். அது வாசகர்களுக்குக் கொடுக்கும் பிஸ்கற். எங்கள் வட்டத்தில் எல்லோரும் அதை விரும்பித் தின்றார்கள்.

ஆனால் அந்த வீட்டுக்காரியை எழுதியிருக்கிறாரே, அதற்காக மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். அவளிடம் ஒரு சொட்டுக் கொடுமை கிடையாது. ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறாள். வேலைக்காரியின் பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை பின்னிக் கொடுக்கிறாள். குரலை உயர்த்துவதேயில்லை. எங்கள் வட்டத்தில் ஒருவர், இப்படியொரு ஆள் இருக்கமுடியுமா, பாத்திரப் படைப்பில் நம்பகம் போதாது என்று குறைப்பட்டார். நான் கேத்திலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தேன். எனக்கு அவளைத் தெரியும். அவள் பிலேந்திரன் அண்ணரின் தாயார்.

எங்கள் குடும்பம் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, எழுபதுகளின் கலவரத்துக்குப் பிறகு உயிரைப் பிடித்துக்கொண்டு வந்து, நானாட்டான் பக்கம் காட்டோரமாகக் குடிசை போட்ட குடும்பம். அம்மாவும் அப்பாவும் பிலேந்திரன் அண்ணர் வீட்டு வயலில் கூலிக்கு நின்றார்கள். வெயில் ஏறினால் தண்ணீர் கேட்டு அவர்கள் வளவின் பின்பக்கம் போவோம். வேலிக் கட்டையில் ஓர் எனாமல் கோப்பை கவிழ்த்து வைத்திருக்கும். நீல விளிம்பு. அடியில் பூச்சு உரிந்து கறுப்புத் தெரியும். அதை நாங்களே எடுத்து நீட்டவேண்டும். அண்ணரின் தாயார் செம்பைக் கொண்டுவந்து, கோப்பையில் முட்டாமல் உயரப் பிடித்து ஊற்றுவார். குடித்துவிட்டு நாங்களே அலசி, நாங்களே கவிழ்த்து வைக்கவேண்டும். கிணறு கண்ணுக்கு முன்னால் இருந்தது, ஆனால் எங்கள் கை அதன் கயிற்றில் படக்கூடாது. தண்ணீரோடு கடித்துக்கொள்ளப் பனங்கட்டித் துண்டும் தருவார். "நல்ல மனிசி" என்று அம்மாவே சொல்லுவாள். இதைவிட மோசமான வீடுகளை அவள் பார்த்திருந்தாள்.

அதே முற்றத்தில், பெரிய வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பிலேந்திரன் அண்ணர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நிற்பார். அவருடைய மணியின் சத்தம்கூட எனக்கு நினைவிருக்கிறது. அவர் என்னைப் பார்த்ததேயில்லை. நான் நின்ற இடத்தில் வேலிதான் அவருக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் இத்தனை வருடம் என் கையால் தேநீர் வாங்கிக் குடித்தும் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

3

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லவேண்டாம் என்று எனக்கு உத்தியோகபூர்வமாகவே அறிவுரை தரப்பட்டது.

போருக்குத் தப்பிப் படகேறி இந்தியாவுக்கு, மண்டபம் அகதி முகாமுக்குப் போனோம். அங்கேதான் ஞானத்தைக் கட்டினேன். அவர் தலைமன்னார், மீன்பிடிக் குடும்பம். இரண்டுபேருமாக நோர்வே வந்து சேர்ந்தபோது, குடிவரவுக் கந்தோரில் தனித்தனியே விசாரணை வைத்தார்கள். எனக்கு மொழிபெயர்க்க வந்தவர் கழுத்துப்பட்டி கட்டிய எங்கள் ஆள். என் தாய் தகப்பன் பிறந்த இடம் பதுளை, அவர்களுக்கு நெடுங்காலம் எந்த நாட்டுக் குடியுரிமையும் இருக்கவில்லை என்றேன். அதிகாரிக்கு அதை மொழிபெயர்த்தார். அதிகாரி கோப்பி எடுக்க எழுந்து போன சமயம் என் பக்கம் குனிந்து, "தங்கச்சி, இங்க சொன்னது சரி. ஆனால் எங்கட சனத்துக்கு நடுவில இதைச் சொல்லிக்கொண்டு திரியாதையும். உம்மட நன்மைக்குத்தான்" என்றார். நாட்டுக்குள் நுழையுமுன்பே எனக்கு இடம் காட்டிய புண்ணியவான்.

பிறகு யாரும் கேட்கவில்லை. ஞானம் தலைமன்னார் என்றால் நானும் தலைமன்னார். ஆமாம் என்பதை விட்டு ஓம் சொல்லப் பழகினேன், வாறேன் வாறன் ஆனது. நான் வேலைசெய்யும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஒருநாள் சூட்டுக் குழாயில் கை பட்டபோது மட்டும் "அய்யோ ஆத்தா" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்றவள் போலந்துக்காரி. அவளுக்கு எல்லாத் தமிழும் ஒன்றுதான், நல்ல காலம்.

எங்கள் மகள் மெலனிக்கோ தமிழ் என்பது சாப்பாட்டு மேசையில் மட்டும் பேசும் மொழி. அதிலும் பாதி நோர்வேஜிய மொழி. பத்தாம் வகுப்பில் தென்னாபிரிக்காவைப் பற்றிச் சுவரளவு படம் ஒட்டிச் செயல்திட்டம் செய்து ஆசிரியரிடம் பாராட்டு வாங்கினாள். ஜோகன்னஸ்பர்க்கின் எந்தத் தெருவில் யார் நடக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். நானாட்டான் எங்கே என்று கேட்டால் வரைபடத்தில் யாழ்ப்பாணத்தைத் தொடுவாள். ஒருமுறை என்னிடம், "அம்மா, சித்தியோட கதைக்கேக்க மட்டும் உங்கட குரல் ஏன் மாறுது?" என்று கேட்டாள். தொலைபேசி சரியில்லை என்றேன்.

4

அந்தச் சித்தி என் தங்கை லெட்சுமி. போர் முடிந்து, முகாமிலிருந்து திரும்பி வரலாம் என்று சொன்னதும் குடும்பத்தோடு திரும்பிப் போனவள். இந்தியாவில் இருந்தவரை அவளை இலங்கைக்காரி என்றார்கள். இலங்கையில் வந்து இறங்கியதும் கந்தோரில் இருந்த ஒருவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "நீங்கள் இந்தியாவிலயிருந்து வந்த ஆக்களோ, இந்திய ஆக்களோ?" என்று கேட்டாராம். லெட்சுமி, "எதுன்னு சொன்னா சார் காணிக்குப் பத்திரம் குடுப்பீங்க?" என்று கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அவளுடைய கோப்பு மேசையிலிருந்து மேசைக்கு உலாப் போய்க்கொண்டே இருந்தது.

எங்கள் பழைய குடிசை இருந்த காட்டோரத்தில் அவளுக்கும் அவளைப்போல் வந்த சில குடும்பங்களுக்கும் வீடு எழும்பியது. தண்ணீர்தான் இல்லை. அந்த நேரத்தில்தான் பிலேந்திரன் அண்ணரின் ஊர்ச் சங்கம் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் குழாய்க்கிணறு அடித்து, சீமெந்துத் தாங்கி கட்டியது. தாங்கிக்கு இரண்டு குழாய். தெருவைப் பார்த்தபடி ஒன்று, ஊர்ச்சனத்துக்கு. காட்டைப் பார்த்தபடி பின்பக்கம் ஒன்று, லெட்சுமியின் வரிசைக்கு.

பின்பக்கத்துக் குழாயை முன்குழாயைவிட இரண்டு முழம் உயர்த்திப் பொருத்தியிருந்தார்கள். காலையில் ஊர்ச்சனம் பிடிக்கப் பிடிக்கத் தாங்கியில் நீர்மட்டம் இறங்கும். மத்தியானத்துக்கு முன்னரே பின்குழாய் காற்றுக் கக்கத் தொடங்கிவிடும். முன்குழாயில் பின்னேரம் வரைக்கும் தண்ணீர் கொட்டும்.

"மேசன்ட்ட கேட்டேன்க்கா," என்று லெட்சுமி தொலைபேசியில் சொன்னாள். "பின்னுக்கு அது போதும்னு சொன்னாங்க, நான் பூட்டிட்டேன்னு சொல்றாரு. மகளுக்குப் புள்ள பொறந்து வீட்டோட இருக்கா. பச்சப் புள்ளைக்கு நான் கொளத்துத் தண்ணிய காய்ச்சிக் காய்ச்சி ஊத்திக்கிட்டிருக்கேன். புள்ளைக்கு ரெண்டு தரம் வயித்தால போயிருச்சு."

"முன்குழாயில போய்ப் பிடிக்கலாமே," என்றேன்.

"பிடிக்கலாம். யாரும் அடிக்க மாட்டாங்க. நாங்க போனா அவங்க எல்லாம் வாளிய எடுத்துக்கிட்டு ஒதுங்கி நிப்பாங்க. பேசாம நிப்பாங்க பாரு, அதுதான் தாங்க முடியல."

எனக்கு அந்த மௌனம் தெரியும். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் சலவைக்கூடத்தில் ஒரு வண்டிப் படுக்கைவிரிப்பைத் தவறான இயந்திரத்தில் போட்டுவிட்டேன்.

5

மறுபடி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நாவலுக்கு அழுது முடித்த பிறகு பிலேந்திரன் அண்ணர், "இனி ஒரு நல்ல செய்தி," என்று சொல்லி, மடிக்கணினியைத் திறந்து சுவரில் படம் போட்டார். புதிதாக வெள்ளை அடித்த கோயில். சிவப்பு நாடா கட்டிய தாங்கி. நாடா வெட்டும் சுவாமியார். பெயர்ப் பலகையில் சங்கத்தின் பெயர்.

"இது முன்பக்கம்," என்றார். அடுத்த படம் வந்தது. "இது பின்பக்கம். புதுசா வந்து குடியேறின ஆக்களுக்கு. அவையும் மனிசர்தானே. ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லாமல் தனியப் போட்டுக் குடுத்திருக்கிறம்."

நாவல் இன்னும் அவருடைய இடது கையில் இருந்தது. வாசித்த பக்கத்தில் விரலை வைத்திருந்தார். யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். யாராவது ஒருவர் இருமினாலாவது போதும் என்று இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், இரண்டு மொழியில் நாவல் வாசிக்கிறவர்கள். உட்காரத் தனி வாங்கு, தனி வாசல், தனிக் குழாய் என்று அந்தப் புத்தகம் ஊசி ஊசியாகக் குத்திய இடமெல்லாம் அவர்களுக்குத் தென்னாபிரிக்காவில்தான் வலித்தது.

நான் தேநீர்த் தட்டைக் கீழே வைத்தேன்.

"அண்ணர், அந்தப் பின்குழாயில மத்தியானத்தில தண்ணி வாறேல்லை."

அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "உமக்கு எப்பிடித் தெரியும்?"

"என்ர தங்கச்சி அந்தக் குழாயிலதான் பிடிக்கிறாள். அவளின்ர மகளுக்குக் கைக்குழந்தை. குளத்துத் தண்ணி குடுத்து வயித்தாலடி."

"நீர் தலைமன்னார் எண்டெல்லோ நினைச்சம்," என்றார் றீற்றா அக்கா.

"அவர்தான் தலைமன்னார். நான் நானாட்டான். தோட்டத்தில இருந்து வந்த ஆக்கள்."

கையில் கோப்பை வைத்திருந்தவர்களில் இரண்டு மூன்றுபேர் அதை மேசையில் வைத்தார்கள். தற்செயலாக இருக்கலாம். என்னோடு வந்திருந்த ஞானம் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாங்கி அப்பிடியே இருக்கட்டும்," என்று தொடர்ந்தேன். "பின்குழாயைக் கொஞ்சம் இறக்கிப் பூட்டினாச் சரி. ஒரு மேசனுக்கு ஒரு நாள் வேலை."

பிலேந்திரன் அண்ணர் யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் அவரிடமுள்ள பெரிய பிரச்சினை. முகம் மெல்ல மலர்ந்தது.

"இல்லைத் தங்கச்சி, அது அரைகுறை வேலை. செய்யிறதை வடிவாச் செய்யவேணும். அவைக்கெண்டு தனியா ஒரு தாங்கியே கட்டிக் குடுப்பம். அவையின்ர பக்கத்திலயே. இஞ்சால வரவே தேவையில்லை."

முந்தியதைவிடப் பலத்த கைதட்டல். பின்வரிசையில் இருந்த கவிஞர் ஒருவர் எழும்பி, இலக்கியம் மனிதனை மாற்றும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், இதுவே போதும்.

காரில் ஞானம், "சொல்லாமல் விட்டிருக்கலாம். இந்தச் சனத்தோடதான் நல்லது கெட்டதுக்கு நிக்கவேணும்," என்றார். அவர் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டில் மெலனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வேலிக் கட்டைக் கோப்பை உட்பட. முதலில் நோர்வேஜிய மொழியில் ஏதோ கத்தினாள். பிறகு சொல் தேடித் தேடித் தமிழில் கேட்டாள்: "நான் பள்ளிக்கூடத்தில சுவர் முழுக்கப் படம் ஒட்டினன். நீங்கள் பக்கத்தில நிண்டு பசை பூசித் தந்தனீங்கள். அப்பகூட ஏனம்மா சொல்லேல்லை?" நான் அழுதேன். அன்றிரவு அவள் தானாகவே சித்தியின் இலக்கத்தைக் கேட்டு வாங்கினாள். என்ன பேசினார்களோ, எந்த மொழியில் பேசினார்களோ, நெடுநேரம் பேசினார்கள்.

6

இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன.

முதலாவது, வாசகர் வட்டத்தின் வைபர் குழுவில். சுற்றுச்சூழலைக் கருத்தில்கொண்டு, அடுத்த கூட்டத்திலிருந்து உறுப்பினர்கள் அனைவரும் அவரவர் கோப்பையைக் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். அதற்குக் கீழே எனக்கென்று றீற்றா அக்கா எழுதியிருந்தார்: "இனி நீர் கஷ்டப்படவேண்டாம். தேத்தண்ணி நான் பிளாஸ்கில கொண்டு வாறன்." இத்தனை வருடமாகக் கடதாசிக் கோப்பையால் சாகாத சுற்றுச்சூழல் இந்த மாதம் சாகக் கிடக்கிறது.

இரண்டாவது, லெட்சுமி. தனித் தாங்கி கட்டப்போவதாகவும் அத்திவாரம் வெட்ட அவர்கள் வரிசையில் இருந்து ஆட்கள் கூலியில்லாமல் சிரமதானத்துக்கு வரவேண்டும் என்றும் ஊரில் சொல்லியிருக்கிறார்கள்.

"தனித் தாங்கி வேணாம், குழாய இறக்கிப் போடுங்கன்னு பொம்பளைங்க எல்லாரும் சேர்ந்து சொல்லிட்டோம்க்கா. நல்லது செஞ்சாலும் நன்றி இல்லேன்னாங்க. சரின்னுட்டு வாளியத் தூக்கிக்கிட்டு முன்குழாய்க்கே போயிட்டோம். ஒதுங்கி நின்னாங்க, நாங்களும் பாக்காம பிடிச்சோம். இப்ப தெனமும் போறோம். புள்ளைக்கு வயிறு சரியாப் போச்சு."

"ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லல. நாங்க பிடிச்சுட்டு வந்ததும் குழாயக் கழுவிட்டுத்தான் அவங்க பிடிக்கிறாங்க. கழுவட்டும். அவங்க தண்ணிதானே வீணாகுது."

என் தங்கை நாவல் வாசித்ததில்லை. அவளுக்கு இலக்கியம் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை, கடவுளுக்கு நன்றி.

அடுத்த கூட்டத்துக்கு நானும் என் கோப்பையோடு போனேன். நோர்வேக்காரர்கள் மலையேறப் போகும்போது இடுப்பில் கொழுவிக்கொண்டு போகும் எனாமல் கோப்பை, வெள்ளைக்கு நீல விளிம்பு. வேலை முடிந்து வரும் வழியில் கடையில் கண்டதும் வாங்கிவிட்டேன். மண்டபத்தில் ஆளுக்கொரு கோப்பை. என் கோப்பையைப் பலரும் பார்த்தார்கள். அந்தக் கோப்பைக்காகப் போன மாதம் மூக்குச் சிந்திய ஒருவருக்கும் எதுவும் தோன்றவில்லை.

பிலேந்திரன் அண்ணர்தான் பக்கத்தில் வந்தார். போன கூட்டத்தில் நடந்ததைப் பெருந்தன்மையோடு மறந்துவிட்டதாகக் காட்ட விரும்பினார் போலும்.

"வடிவான கோப்பை, தங்கச்சி. எங்க எடுத்தனீர்? எங்களுக்கும் ரெண்டு எடுத்தால் நல்லம்."

அந்த மண்டபத்தில் முதல்முறையாக நான் என் தாய் பேசிய தமிழில் பேசினேன்.

"நீங்க வாங்க வேணாங்க. நானாட்டான்ல உங்க வீட்டுப் பின்வேலிக் கட்டையில ஒண்ணு கவுத்து வச்சிருந்தீங்க. அதுல நான் தண்ணி குடிச்சிருக்கேன். உங்க அம்மாதான் ஊத்துவாங்க. நீங்க சைக்கிள் தொடச்சுக்கிட்டு நிப்பீங்க."

இந்த முறை அவர் என்னைப் பார்த்தார், வேலியை அல்ல. நான் அவருடைய பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தேநீர் மேசைக்குப் போய் என் கோப்பையை நீட்டினேன். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த றீற்றா அக்கா பிளாஸ்கைத் தூக்கினார். கோப்பையில் முட்டாமல், உயரத்தில் பிடித்துத்தான் ஊற்றினார்.